புயலின் நடுவே வரும் அமைதி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, சீறிய காற்று இடையில் சட்டென அடங்கியது. புயல் ஓய்ந்துவிடவில்லை; அதன் கண் பகுதி நகரின்மீது நகர்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று வீசியது. முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்களும் ஆட்டம் கண்ட பெயர்ப்பலகைகளும் இந்த இரண்டாவது காற்றில் எளிதில் சாயும்.

கரையேறிய புயல் உடனே வலுவிழப்பதில்லை என்பதால், கடலிலிருந்து தள்ளியுள்ள காட்டுப்பாக்கம், பூந்தமல்லிவாசிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை கவனமாக இருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்கிறது. தகரக் கூரை வீடுகளில் வசிப்போர் முன்னதாகவே உறுதியான கட்டடத்துக்குச் சென்றுவிட வேண்டும். காற்று நின்றுவிட்டது என்பதற்காக அல்ல, எச்சரிக்கை விலக்கப்பட்டதாக அறிவிப்பு வந்த பிறகே வெளியே வருவது பாதுகாப்பு.