பூட்டிய வீட்டில் அடுப்பு மூட்டுவது யார்?

ஓட்டு வீட்டை அழிக்கக் கடப்பாரை வேண்டாம். பூட்டிவிட்டுப் போனால் போதும். குரங்கு புரட்டிப்போட்ட நாலு ஓட்டை யாரும் ஏறி மாற்றவில்லை என்றால், அந்த வழியே இறங்கும் மழை பனங்கையை உளுக்கவைக்கும். பனங்கை தொய்ந்தால் ஓடு சரியும். ஓடு சரிந்தால் மண்சுவர் கரையும். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் தெருக்களில் வீடுகள் இந்த வரிசைப்படிதான் விழுகின்றன.

இப்படிக் கிடக்கும் வீடுகளைச் சீர்செய்து விடுமுறைக்கு வாடகைக்கு விட்டால் என்ன? வருகிறவர்களே சமைத்துக்கொள்ளட்டும். பாத்திரம், அடுப்பு, அம்மி மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு.

பிரிட்டனில் இது பழகிப்போன ஏற்பாடு. அங்கே 1965-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை கோட்டை, கோபுரம், ஆலை என்று இடிந்துகொண்டிருந்தவற்றை எடுத்துச் செப்பனிட்டு, சமையலறையோடு வாடகைக்கு விடுகிறது. இன்று சுமார் 200 கட்டடங்கள். அதில் ஒரு பழைய பன்றிக்கொட்டிலும் உண்டு. தீயில் எரிந்து பாழாய்க் கிடந்த ஆஸ்ட்லி கோட்டையை, இடிந்த சுவர்களுக்கு நடுவே புது வீடு கட்டி மீட்டார்கள். அந்த நாட்டுக் கட்டடக் கலையின் பெரிய விருதான ஸ்டெர்லிங் பரிசு 2013-ல் அதற்குக் கிடைத்தது. வாடகைப் பணம் பராமரிப்புக்குப் போகிறது.

நமக்கும் இது புதிதில்லை. டிராவலர்ஸ் பங்களாக்களும் காட்டு பங்களாக்களும் பிறகென்ன? அரிசி, பருப்பு, கோழி வாங்கிக்கொண்டு போனால் வாட்ச்மேனோ அவர் வீட்டம்மாவோ பொங்கிப்போடுவார்கள். இல்லையென்றால் நாமே பொங்கிக்கொள்வோம். இலங்கையில் யால, வில்பத்து தேசியப் பூங்காக்களின் பங்களாக்களில் இன்றைக்கும் இதுதான் வழக்கம். நாம்தான் அதை விட்டுவிட்டு ரிசார்ட் பக்கம் ஓடிவிட்டோம்.

செட்டிநாட்டைப் பாருங்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் அவை. கானாடுகாத்தானிலும் சுற்றுப்புறத்திலும் சில அரண்மனை வீடுகள் அழகாகத் திருத்தப்பட்டு விடுதிகளாகிவிட்டன. தூண்களுக்காகவும் கதவுகளுக்காகவும் பிரித்து விற்கப்பட்ட வீடுகளை நினைத்தால் அவை பிழைத்ததே பெரிது. ஆனால் அங்கே விருந்தாளிக்கு வாழையிலையில் பரிமாறுவார்கள்; சமையற்கட்டுக்குள் அவருக்கு வேலையில்லை. பல கட்டு வீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. இரண்டு அங்கணத் திண்ணை வீட்டுக்குச் சமையல்காரர் சம்பளமே கட்டுப்படியாகாது.

மலை மேலே

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளுக்காகச் செய்தியில் அடிபட்டது. அந்தக் கெட்ட பெயரை மாற்ற மாவட்டத்தின் கல்வராயன் மலை ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று வண்டிகள் ஏறுகின்றன. பெரும்பாலானவை இருட்டுவதற்குள் இறங்கிவிடுகின்றன. மலைக்கு மிஞ்சுவது பிரியாணிப் பொட்டலக் குப்பைதான். அதே குடும்பம் இரண்டு நாள் தங்கிச் சமைத்தால் சாமையரிசி, தேன், புளி, மரவள்ளிக் கிழங்கு, நாட்டுக்கோழி என்று அத்தனையும் அங்கேயே வாங்க வேண்டிவரும். பணம் நேராக மலைக்காரர் கைக்குப் போகும்.

1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. கோட்டை கொத்தளம் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே பழைய கட்டடம் என்றால் மலையாளிப் பழங்குடியினரின் வீடுதான்: மூங்கில் தட்டி, அதன்மேல் செம்மண் பூச்சு, புல் கூரை. காங்கிரீட் வீடுகள் வர வர அவை குறைந்துவிட்டன. மிஞ்சியவை குடிசைக் கணக்கில் சேர்கின்றன, பாரம்பரியக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இந்த வீடுகளுக்கு அடுப்புதான் உயிர். விறகடுப்பின் புகை கூரையில் ஏறி மூங்கிலையும் புல்லையும் உலரவைக்கும், வண்டையும் செல்லையும் அண்டவிடாது. அடுப்பெரியாத வீட்டில் கூரைதான் முதலில் போகும். வந்து தங்குகிறவர் தூங்கி எழுந்து போனால் வாடகை மட்டுமே கிடைக்கும். கொடியடுப்பை மூட்டிச் சோறு வடித்தால் வீட்டுக்கு வைத்தியமும் பார்த்ததாகும். கேஸ் அடுப்பு ஒன்று மூலையில் இருக்கட்டும். கொடியடுப்பை இடித்துவிட வேண்டாம்.

சிமென்ட் என்னும் எமன்

எனக்குப் பயம் வேறு. ஆள் வராமல் போவதை விட, ஆள் வரத் தொடங்கியதும் நடக்கும் ‘ரெனவேஷன்’தான் பயம்.

வீட்டைத் திருத்தக் கையில் காசு வந்ததும் நம்மவர் முதலில் வாங்குவது சிமென்ட். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமென்ட் பூச்சு, ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டியது மாதிரி, உள்ளேயே அடைத்துவிடும். ஈரம் சுவரில் மேலேறும், உப்புப் பூக்கும், உள்ளே மண் பொடியாகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பிறகு ஒரு மழையில் பூச்சு பாளம் பாளமாகச் சுவரையும் பிய்த்துக்கொண்டு விழும். மண்தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் தரையின் ஈரமும் சுவருக்குத்தான் போகும். போதாதென்று எமல்ஷன் பெயின்ட். பூட்டிக் கிடந்த வீடு மெதுவாகச் சாகிறது, சிமென்ட் பூசிய வீடு வேகமாகச் சாகிறது.

இதற்கு மருந்து அந்த மலையிலேயே விளைகிறது என்பதுதான் வேதனை. கல்வராயன் மலையின் காடுபடு பொருள்களில் முக்கியமானது கடுக்காய். அதை நொறுக்கி, கருப்பட்டியோடு தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அந்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்துத்தான் நம் பழைய கொத்தனார்கள் பூசினார்கள். செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து சுவர் கண்ணாடியாய் மின்னியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து ஆண்டுக்கணக்கில் இறுகும், கூடவே ஈரத்துக்கும் வழிவிடும். கடுக்காய் மலையிலிருந்து மூட்டையாக இறங்குகிறது, சிமென்ட் மூட்டையாக மலைக்கு ஏறுகிறது.

சுண்ணாம்பு அரைக்கவும், நாட்டு ஓடு வேயவும், புல் கூரை கட்டவும் தெரிந்த கைகள் எத்தனை மிச்சம்? இருப்பவர்களில் பலரும் வயதானவர்கள். அவர்கள் பிள்ளைகள் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார்கள். கூலி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கூலியைச் சுண்ணாம்பு வேலைக்கும் கொடுத்தால் ஒரு தலைமுறையாவது தப்பும்.

மர வேலைக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் சாமி சிலை செதுக்கும் கைகளுக்கு ஒரு நிலைக்கதவோ தூணோ திருத்துவது பெரிய வேலையில்லை. பழைய மரக்கடைக்குப் போகும் கதவை அவர்களிடம் கொண்டுபோனால் போதும்.

மலைக்கு முதலில் ரோடும் ஆஸ்பத்திரியும் வரட்டும், சுற்றுலா பிறகு என்பவர்கள் இருக்கிறார்கள். விடுமுறையிலும் அடுப்படியா என்று பெண்கள் கேட்பதும் நியாயம்தான். அதற்கு ஆண்கள் அடுப்படிக்குப் போகட்டும்.

இவர்களாவது வாய் திறந்து கேட்கிறார்கள். ஆனால், திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டு, லாந்தர் மாட்டி, ‘பாரம்பரிய வீடு’ என்று விளம்பரம் செய்யும் பலரும் சுவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. அறை பதிவு செய்யும்போது ஏ.சி. உண்டா, வைஃபை வருமா என்று கேட்கிறோம். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வீட்டைத் திருத்த எத்தனை மூட்டை சிமென்ட் பிடித்தது? ஒன்றுகூட இல்லை என்கிறவருக்கு வாடகை நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.