மயக்க மருந்துக்கு 10 பேர் பலி!
ஒரே குடும்பத்தைத் துரத்திய மர்மம்

ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகர ஆஸ்பத்திரிக்கு 1960-ம் ஆண்டு கால் முறிந்த நிலையில் ஒரு மாணவர் வந்தார். வயது 21.

காலைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. மயக்க மருந்துக்குத்தான் பயந்தார்! காரணம், அவருடைய சொந்தக்காரர்களில் 10 பேர் மயக்க மருந்து கொடுத்த பிறகு இறந்து போனார்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஈதர். அதனால் டாக்டர்கள் அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேனைக் கொடுத்தார்கள்.

அனலாய்க் கொதித்தது

பத்து நிமிடத்தில் நிலைமை மோசமானது. ரத்த அழுத்தம் சரிந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. உடம்பு அனலாய்க் கொதித்தது!

வாலிபர் முன்பே சொல்லி இருந்ததால் டாக்டர்கள் உஷாராக இருந்தார்கள். மருந்தை நிறுத்தி, ஐஸ் வைத்து உடம்பைக் குளிர வைத்தார்கள். அவர் உயிர் தப்பினார்.

டாக்டர்கள் டென்பரோ, லவல் இருவரும் அந்தக் குடும்பத்தின் கதையைத் துருவினார்கள். இது பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தது.

என்ன நடக்கிறது?

மூச்சு வழியே கொடுக்கும் சில மயக்க மருந்துகளும், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியும் இவர்களுக்கு எமன். தசைக்குள் கால்சியம் மதகு உடைந்தது போல் பாய்கிறது. தசை கட்டையாய் விறைக்கிறது. காய்ச்சல் 106 டிகிரியைத் தாண்டலாம். கடைசியில் இதயம் நின்று விடுகிறது.

பன்றி காட்டிய வழி

ஒரு காலத்தில் இது வந்தால் 10-க்கு 7 பேர் பிழைப்பது இல்லை. பன்றிகளுக்கும் இதே கோளாறு உண்டு. 1975-ல் தென்ஆப்பிரிக்க டாக்டர் ஹாரிசன், டான்ட்ரோலின் என்ற மருந்தால் பன்றிகளைக் காப்பாற்றிக் காட்டினார். 1979-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. உடனே போட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

மறைக்காதீர்கள்!

இது மிக அபூர்வம்தான். ஆனால் தாய், தகப்பன் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு உண்டு. ‘போன தடவை மயக்கம் குடுத்தாங்க, ஒண்ணும் ஆகலியே’ என்று அலட்சியம் வேண்டாம். அடுத்த தடவையும் வரலாம்.

அதற்காக ஆபரேஷனுக்குப் பயந்து ஓட வேண்டியதும் இல்லை. முதுகில் போடும் ஊசி, நரம்பில் ஏற்றும் வேறு மருந்துகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய, விஷயம் அவருக்குத் தெரிய வேண்டும். ‘எங்க சித்தப்பா ஆபரேஷன்ல மயக்கம் குடுத்தப்ப போயிட்டாருங்க’ என்ற ஒரு வார்த்தை போதும். கேட்காவிட்டாலும் சொல்லி விடுங்கள்!