ஒண்ணேமுக்காலும் ஒண்ணே அரைக்காலும்

கோவில்பட்டிப் பக்கம் உளுந்தை இன்று கிலோவில்தான் விற்கிறார்கள். என் ஆச்சி காலத்தில் படிதான். ஒரு பானையில் ஒண்ணேமுக்கால் படி, இன்னொன்றில் ஒண்ணே அரைக்கால் படி என்றால், மொத்தம் எவ்வளவு என்பதற்கு எடுத்த எடுப்பில் பதில் வரும்: "மூணு படிக்கு ஒரு ஆழாக்கு கொறைச்சல்."

படிக்கு நாலு உழக்கு, உழக்குக்கு ரெண்டு ஆழாக்கு. முக்கால் படி மூணு உழக்கு. அரைக்கால் படி ஒரு ஆழாக்கு. உழக்கையும் ஆழாக்கையும் அப்படியே கூட்ட முடியாது. உழக்கை ஆழாக்காக்கினால் ஆறு, அதோடு ஒன்று, ஏழு. முழுப்படி தனியே ரெண்டு. பகுதிகளைச் சமமாக்குவது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதே கணக்கைத் தாளில் தந்தபோது ஆறாவது படிக்கும் என் தங்கை மகள் மேலே மூன்றும் ஒன்றும் நாலு, கீழே நாலும் எட்டும் பன்னிரண்டு என்று எழுதினாள். பன்னிரண்டில் நாலு என்றால் மூன்றில் ஒன்று. கையில் இருந்த முக்காலைவிடவே குறைவு! பகுதி என்பது அளக்கும் பாத்திரத்தின் அளவு என்பதை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குப் பின்னம் முழு எண்ணைப் போலவே பழகிய பொருள். கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும் வரிசை 1/16 வரை வரும். இருபதில் ஒன்றான மா இன்னொரு வரிசை. 16க்கும் 20க்கும் பொதுவான மடங்கு 80; 1/80தான் காணி. அதை இருமுறை பாதியாக்கினால் முந்திரி, 1/320. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ரெண்டேமுக்காலோடு ஒன்றே எட்டுமாவை, அதாவது 1 2/5ஐக் கூட்ட வேண்டுமா? முக்கால் பதினைந்து மா, மற்றது எட்டு மா, ஆக இருபத்து மூன்று. இருபது மா ஒரு முழுமை, மிச்சம் மும்மா. விடை நாலே மும்மா.

மூன்றில் ஒன்று போன்ற பின்னம் இந்த 320க்குள் அடங்காது. அதற்கு மீச்சிறு பொது மடங்குதான் வழி. ஆனால் அந்த வழிக்குப் போகுமுன் பிள்ளை ஒருமுறையாவது கையால் அளந்து பார்க்க வேண்டும்.

பரணிலிருந்து ஆழாக்கை இறக்கிக் கொடுத்தேன். ரெண்டு படியை அளந்து ஒதுக்கிவிட்டு, மிச்ச உளுந்தை எண்ணி எண்ணிக் கொட்டினாள். ஆறு. ஏழு. எட்டாவதுக்குப் பானையில் கைவிட்டுத் துழாவினாள். வெறும் தூசிதான் இருந்தது.