எஃப்-2 விசா: கூடப் போகிறவரின் கணக்கு

போன மாதம் திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். அவருடைய மனைவிக்கு அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "அண்ணே, வேலைய விட்டுட்டு நானும் கூடப் போலாமா? போனா அங்க நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகு பார்த்தால், சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவே இல்லை. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவதும் உதவும்.

முதலில் என் கதை. சொந்த ஊர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம், கொசஸ்தலை ஆறு கடலோடு சேர்கிற இடம். அப்பா கடல் தொழில், அம்மா மீன் வியாபாரம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். 2023 ஆகஸ்டில் மனைவியோடு கிளம்பினேன். அவளுக்கு எஃப்-1, அதாவது மாணவர் விசா. எனக்கு எஃப்-2, மாணவரின் துணைக்கான விசா.

எஃப்-2 என்றால் வேலை பார்க்கவே கூடாது. பகுதி நேரம், கல்லூரி வளாகத்துக்குள் என்று எந்த விதிவிலக்கும் இல்லை. அனுமதி கேட்டு விண்ணப்பிக்கக்கூட வழி கிடையாது. இத்தனைக்கும் பரிமாற்றத் திட்டத்தில் ஜே-1 விசாவில் வரும் ஒரு ஆய்வாளரின் மனைவியோ கணவரோ (அவர்களுக்கு ஜே-2) வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே குடியிருப்பில் எதிர் எதிர் வீடு, ஒருவர் வேலைக்குப் போகலாம், மற்றவர் போகக் கூடாது.

சரி, சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே? 2015 வரைக்கும் அதுவும் கஷ்டம்தான், பொழுதுபோக்கு வகுப்பு மாதிரி ஏதாவது மட்டும் போகலாம். அந்த வருடம் மே மாதம் விதியை மாற்றினார்கள். இப்போது மாணவர் விசா திட்டத்தில் சான்று பெற்ற கல்லூரிகளில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கலாம். முழுநேரம் படிக்க வேண்டுமென்றால் நமக்கே எஃப்-1 வாங்க வேண்டும். நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் புள்ளியியல் ஒரு பாடம் எடுத்தேன். பிடித்துத்தான் படித்தேன், ஆனால் ஃபீஸ் கட்டும்போது கை நடுங்கியது. அது மனைவியின் கல்விக் கடனில் இருந்து போகிற பணம்.

இன்னொரு கூத்து. வேலை அனுமதி இல்லாததால் எஃப்-2 ஆளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் தர மாட்டார்கள். அந்த எண் இல்லாமல் ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போனால், 'இவருக்கு அந்த எண் பெறத் தகுதி இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வரிசையில் நின்று வாங்கினேன். தகுதி இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ்! இன்னும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

தம்பியிடம் நான் அழுத்திச் சொல்லாமல் விட்டது இதுதான்: இது இரண்டு வருடக் கணக்கு இல்லை. படிப்பு முடிந்ததும் மாணவருக்கு ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி உண்டு, அதை ஓ.பி.டி. என்பார்கள். அந்தப் படிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வந்தால் இன்னும் 24 மாதம். இதெல்லாம் மாணவருக்குத்தான். துணை அப்போதும் எஃப்-2தான். அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் விழுந்தால் நாம் எச்-4க்கு மாறுவோம். அதிலும் உடனே வேலைக்குப் போக முடியாது. பெரும்பாலும், எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு வழக்கில் ஐ-140 என்ற மனு ஒப்புதல் ஆன பிறகுதான் எச்-4 ஆள் வேலை அனுமதி கேட்க முடியும். அந்த வசதியே 2015-இல்தான் வந்தது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். முப்பது வயதில் கிளம்புகிற ஒருவர் அடுத்த சம்பளத்தைப் பார்க்கும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கலாம்.

நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்புக்கு வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் துணையைக் கூட்டி வரவே முடியாது, எம்.பி.ஏ. அந்தத் தடையில் வந்துவிடும். கனடாவில் 2025 ஜனவரியில் இருந்து, முதுகலைப் படிப்பு 16 மாதமாவது இருந்தால்தான் துணைக்கு வேலை அனுமதி. அங்கே ஓராண்டு எம்.பி.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதுகலை மாணவரின் துணைக்கு நேரக் கட்டுப்பாடே இல்லை. கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிடம் இதையும் பார்க்கலாம். நாங்கள் பார்க்கவில்லை.

அங்கே நாள் எப்படிப் போகும் என்பதுதான் தம்பியின் நிஜமான கேள்வி. மனைவி காலை எட்டு மணிக்குப் போனால் வகுப்பு, குழு வேலை, கம்பெனிக்காரர்களோடு காபி, இரவு விருந்து. எம்.பி.ஏ.வில் பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியேதான் நடக்கிறது. துணைகளுக்கென்று ஒரு பார்ட்னர்ஸ் கிளப் உண்டு. நல்ல மனிதர்கள். ஆனால் அமெரிக்கத் துணைகள் வேலைக்குப் போகிறவர்கள், மாலைதான் வருவார்கள். பகலில் வருவது எங்களை மாதிரி விசாக்காரர்கள். எங்கள் கூட்டத்தில் ஆண்கள் நானும் ஒரு பிரேசில்காரரும் மட்டும். "நீங்க என்ன பண்றீங்க?" என்ற கேள்வி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்ப்போம்.

வாரம் இரண்டு நாள் ஓர் உணவு வங்கியில் மூட்டை பிரித்தேன். அதிலும் கவனம் வேண்டும். தொண்டு நிறுவனத்தில் எல்லோரும் இலவசமாகச் செய்கிற வேலை என்றால் சரி. சம்பளத்துக்கு ஆள் வைக்கிற வேலையை 'காசு வேண்டாம்' என்று சொல்லிச் செய்தாலும் விதிமீறல் ஆகிவிடலாம். முடி வெட்டிக்கொள்ள மனைவியிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் டிரிம்மர் வாங்கி நானே வெட்டிக்கொண்டேன். அவள் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் வரைக்கும் வந்து இறங்கியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. ஊர்க்காரர்கள் டப்பாவாலும் கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த வீடியோவை நான் பனி விழுகிற ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். பல நாள் தொழில் இல்லை. கடலுக்குப் போனாலும் எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆள் இல்லை. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அறிவித்தது. எங்கள் வலை ஒன்றுக்குக்கூட அது போதாது.

வேலையில் இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பியிருப்பேன். அங்கே என் பெயரில் பத்து டாலர் இல்லை. மனைவி அவளாகவே கொஞ்சம் அனுப்பினாள், கடன் பணத்தில் இருந்து. அம்மா போனில் கேட்டாள்: "அது இருக்கட்டும். நீ இன்னாடா பண்ற அங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு ரொம்ப நாள் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா டீ குடிக்கக்கூட அம்மாவிடம்தான் காசு வாங்குவார். பாடு கரைக்கு வந்ததும் அது அம்மா கைக்குப் போய்விடும். ஏலம், கடன், கூடை, விலை எல்லாம் அவள் பொறுப்பு. அப்பாவுக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. மீன் அவர் கொண்டு வந்தது, காசாக்கியது அவள். ஒருவரை நம்பித்தான் இன்னொருவர், ஆனால் இரண்டு பக்கமும். அதனால், இன்னொருவரை நம்பி இருந்ததுதான் என்னை அறுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் பக்கத்தில் இருந்து ஒரு மீன்கூட வர முடியாதபடி சட்டம் போட்டிருந்ததுதான் அறுத்தது. சமைத்தேன், துணி துவைத்தேன், அவளுடைய நேர்காணல்களுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டேன். வேலை கிடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று அவளே சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வெளியே அதைக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

இந்த யோசனையில் அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் ஜானகி அம்மாள். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1914 மார்ச்சில் கப்பலேறியபோது அவருடைய இளம் மனைவி கூடப் போகவில்லை, ஐந்து வருடம் இங்கேயே இருந்தார். கணவர் திரும்பி வந்து 1920-இல் இறந்த பிறகு பம்பாயில் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்தார். கணித வரலாற்றில் இது ஓரமாக வருகிற செய்தி. எனக்கு இப்போது அது ஓரம் இல்லை.

தம்பிக்கு வருகிறேன். போகாதே என்று சொல்ல மாட்டேன், தனியாகப் போனவர்களின் கஷ்டம் வேறு மாதிரி. போவதாக இருந்தால் வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் நீண்ட விடுப்பு கேட்டுப் பாருங்கள், தந்தாலும் தருவார்கள். உங்கள் பெயரில் ஊரில் ஒரு தொகையைத் தனியாக வைத்துவிட்டுப் போங்கள், அவசரத்துக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிற மாதிரி. கல்லூரி சேர்க்கை அலுவலகத்திடம் துணைக்கு எவ்வளவு கூடுதல் பணம் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். எத்தனை மாதம் வரை தாங்குவோம் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு எண்ணை எழுதி வையுங்கள்.

எங்கள் எண் முப்பது. அது தாண்டிவிட்டது. மனைவி அங்கே வேலையில் இருக்கிறாள், நான் பிப்ரவரியில் ஊருக்கு வந்துவிட்டேன். பழைய கம்பெனியில் இடம் இல்லை, கும்மிடிப்பூண்டியில் ஒன்று கிடைத்திருக்கிறது, சம்பளம் முன்பு வாங்கியதைவிட மூவாயிரம் குறைவு. திங்கட்கிழமை சேருகிறேன்.