ஆச்சி ஏன் எல்லாப் படத்திலும் கண்ணைச் சுருக்குகிறாள்? நாலு கேமராவும் ஒரு கணக்கும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஆச்சியின் படம் ஏழு இருக்கு. ஏழிலும் முற்றத்தில் வெயிலைப் பார்த்து நிற்கிறாள், ஏழிலும் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். ஆனால் என் நினைவில் இருக்கும் ஆச்சி அடுப்படியில் அம்மி முன்னால் உட்கார்ந்து மசாலா அரைப்பவள். அந்த ஆச்சி ஒரு படத்திலும் இல்லை. அப்பாவின் ரசனைதான் அப்படி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாலு கேமராவைப் பார்த்த பிறகுதான் இது வெளிச்சக் கணக்கு என்று புரிந்தது.

முதல் கேமரா அப்பாவோட ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. 120 ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். பின்பக்கம் இருக்கும் சின்னச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் தெரியும்வரை குமிழைத் திருகணும். லென்ஸின் துளைக்கு வெயில், மேகம் என்று இரண்டே நிலை. அடுப்படிக்கு நிலை கிடையாது!

ஏன் கிடையாது? பழைய போட்டோக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். பளிச்சென்ற வெயிலில் துளை எஃப்/16 என்றால், ஏஎஸ்ஏ 100 ஃபிலிமுக்கு 1/100 வினாடி போதும். துளையை எஃப்/11-க்குத் திறந்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும், நேரம் 1/200 ஆகக் குறையும். இப்போ அடுப்படிக்கு வருவோம். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். 40 வாட் குண்டு பல்பு எரியும் அடுப்படி 50 லக்ஸ் இருந்தால் பெரிசு. அதாவது 2000 மடங்கு குறைவு. 1/200-ஐ 2000-ஆல் பெருக்கினால் 10 வினாடி. அம்மி அரைக்கிற கை 10 வினாடி அசையாமல் இருக்குமா?

இந்தக் கணக்கெல்லாம் தெரியாத வயசில், 1988 பொங்கலுக்கு, அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு படத்தை அடுப்படியில் எடுத்தேன். கழுவி வந்தபோது அந்த பிரேம் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது. "பன்னெண்டுல ஒண்ண வீணாக்கிட்டியேல" என்றார் அப்பா. அதுக்கப்புறம் கேமராவைத் தொடவே பயம்.

இரண்டாவது, கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய பிளாஷ் வைத்த 35 மி.மீ. ஆட்டோ கேமரா. பிளாஷில் ஒரு சிக்கல் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். முன்னால் இருக்கும் முகம் வெளுத்து, பின்சுவர் கறுத்துப்போவது அதனால்தான். ஆனாலும் அடுப்படியில் ஏதோ ஒரு படம் விழும். லீவில் ஊருக்குப் போய், "ஆச்சி, இங்கயே இரு, ஒரு போட்டோ எடுக்கேன்" என்றேன். அவள் கையைக் கழுவி, சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, நேரே முற்றத்துக்குப் போய் வெயிலைப் பார்த்து நின்றாள். ஆல்பத்தில் ஏழாவது படம் அது. பெட்டி கேமராவின் குறைபாடு அதற்குள் ஆச்சியின் பழக்கமாகிவிட்டது.

1996-ல் ஆச்சி போய்விட்டாள்.

மூன்றாவது, வேலைக்குப் போன பிறகு 2001-ல் வாங்கிய நிக்கான் எஃப்எம்10, கூடவே 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். எஃப்/11-ஐ விட இந்தத் துளை சுமார் 37 மடங்கு வெளிச்சம் விடும். ஏஎஸ்ஏ 400 ஃபிலிம் போட்டால் இன்னொரு நாலு மடங்கு. மொத்தம் கிட்டத்தட்ட 150. பழைய 10 வினாடியை 150-ஆல் வகுத்தால் 1/15 வினாடி! நிலைப்படியில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்தால் வரும். வந்தது. அம்மா தோசை சுடும் படம். முகம் தெளிவா இருக்கு, தோசைக்கரண்டி பிடித்த கை மட்டும் கலங்கியிருக்கு. பிளாஷ் இல்லாததால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாவது, இப்போ எல்லார் கையிலும் இருக்கும் போன். அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, சேரும் வெளிச்சமும் குறைவு. அதனால் இரவு மோடில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுக்கிறது. படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் குறையும். 16 படம் சேர்த்தால் இரைச்சல் கால்வாசி. 10 வினாடி அசையாமல் இருக்கச் சொல்வதற்குப் பதிலாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெளிச்சத்தைச் சேர்ப்பது, அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் அந்த 1988 நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணினேன். ஆறு சென்டிமீட்டர் சதுரம், 35 மி.மீ. பிரேமைவிட மூன்றரை மடங்கு பரப்பு. எவ்வளவு இழுத்துப் பார்த்தும் அம்மி இல்லை, முகம் இல்லை. ஜன்னல் மட்டும் பதிவாகியிருக்கு, ஏனென்றால் அதற்கு வெளியே வெயில். அந்தக் கம்பிகளை மறைத்துக்கொண்டு கீழ் மூலையில் கறுப்பாக ஒரு வளைவு. ஆச்சியின் கொண்டை.

ஆல்பத்தில் எட்டாவதாக அதைச் சேர்த்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வீணாப் போகலல" என்றார்.