மதில் காட்டும் மறுவாழ்வு



அம்பத்தூரிலிருந்து ஆவடி செல்லும் சாலையோர மதில்களைக் கவனித்திருப்பீர்கள். மேலே திரைப்படச் சுவரொட்டி. கீழே குடித்துவிட்டுச் சாய்ந்து கிடக்கும் மனிதர். சுவரொட்டியைப் படிக்கும் நாம், மனிதரைக் காணாதவர்போல் கடந்து விடுகிறோம். அவரும் ஒரு தாயின் பிள்ளை அல்லவா?

மதிலைக் கொண்டே அத்தகையோரைக் கைதூக்கிவிட முயன்ற நகரம் அமெரிக்காவின் பிலடெல்பியா. சுவர்களில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களை நல்வழிப்படுத்த, 1984-இல் ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அந்நகராட்சி பணியமர்த்தியது. கிறுக்கிய கைகளே ஓவியம் தீட்டின. பின்னாளில் நகரின் மனநலத் துறையும் இணைய, 'போர்ச் லைட்' என்னும் திட்டம் பிறந்தது. போதையிலிருந்து மீள்வோரும் அக்கம்பக்கத்தாரும் ஒன்றாக அமர்ந்து, எதை வரைவதெனக் கலந்து பேசினர்.

வரையத் தெரியாதவர் என்ன செய்வார்? மெல்லிய துணியில் ஓவியத்தின் கோடுகளை வரைந்து, எவ்விடத்தில் எவ்வண்ணம் என்று எண்ணிட்டுக் கொடுப்பர். அறைக்குள் அமர்ந்தே எவரும் வண்ணம் தீட்டலாம். பின்னர் அத்துணிகளை மதிலில் ஒட்டி இணைப்பர்.

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்திட்டத்தை ஆராய்ந்தனர். ஓவியங்கள் எழுந்த பகுதிகளில் அண்டை வீட்டாரிடையே ஒற்றுமை வளர்ந்ததையும், நோயுற்றோர் மீதான இழிபார்வை குறைந்ததையும் கண்டனர்.

நம் சென்னையிலும் சான்று உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்கிய காலம் இருந்தது. 2020-இல் அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் ஓவியங்கள் எழுந்தபின், அவற்றைக் காணவே பிறர் தேடி வந்தனர்.

ஓவியம் மருந்தன்று, சிகிச்சைக்கு ஈடுமாகாது. ஆயினும், "நீயும் எங்களில் ஒருவன்" என்று தெருவே சொல்லும் சொல் அது. அச்சொல்லுக்கன்றோ நம் வீடுகளில் பஞ்சம்! மகளின் நிக்காஹ் தடைபடுமே என்று மகனின் குடியை மறைக்கிறோம். மறைத்த நோய் முற்றுகிறது. மதுவை விலக்குவது மார்க்கம். திருந்தி வருபவனுக்குக் கதவை அடைப்பது மார்க்கமன்று.

உருவம் வரையத் தயக்கமா? செடியும் கொடியும் அழகிய எழுத்தும் போதுமே! மஹல்லாவின் வெற்று மதிலொன்றை, மீண்டு வந்த இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446-ஐயும் அதில் பெரிதாக எழுதச் செய்யுங்கள். அம்மதிலைக் கடந்து செல்லும் எந்தத் தாய் அதற்காகக் காத்திருக்கிறாளோ, அல்லாஹ்வே அறிவான்.