பில் பாஸ் ஆகும்வரை: கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளின் கணக்கு

திருவள்ளூர் மாவட்டத் தொழில்துறை இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே பெரிய ஆலைகள்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டாலைகள், தேர்வாய் கண்டிகையில் மிச்லின் டயர் தொழிற்சாலை. கீழே காக்களூர், திருமழிசை சிட்கோ பேட்டைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் இயங்கும் லேத் பட்டறைகள், ஃபேப்ரிகேஷன் கூடங்கள், பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிகள். சிட்கோ 1970-லும் சிப்காட் 1971-லும் தொடங்கப்பட்டன. முன்னது சிறு தொழிலுக்கு, பின்னது பெரிய தொழிலுக்கு என்று அரசு அன்றே பிரித்துக்கொண்டது. ஆனால் பிழைப்பில் இரண்டும் பிரிந்திருக்கவில்லை. ஆலைக்கு வேண்டிய புஷ், பிராக்கெட், பேக்கிங் பெட்டி, பழுதுபார்ப்பு எல்லாம் பட்டறைகளிலிருந்துதான் போகின்றன.

வேலைவாய்ப்பு என்றதும் பெரிய ஆலையின் முதலீட்டுத் தொகையையே எல்லோரும் பேசுகிறார்கள். உருக்காலையில் கோடிக்கணக்கில் போடும் பணம் உலைக்கும் மின்சாரத்துக்கும் போய்விடுகிறது. அதே பணம் பட்டறைகளுக்குப் போனால் அதைவிடப் பல மடங்கு கைகளுக்கு வேலை கிடைக்கும். அப்படியிருந்தும் எட்டுப் பேர் வேலை பார்க்கும் பட்டறை பத்து ஆண்டுகளாக எட்டுப் பேரோடே நிற்கிறது. இதற்குத் தொழில் தெரியாததோ ஆர்டர் இல்லாததோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் காரணம், பில் பணம் வரும் தேதி.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பட்டறை ஒன்று ஜூன் 10-ஆம் தேதி 5 லட்சம் ரூபாய்க்கு உதிரி பாகங்களை அனுப்புகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துப் பில் தொகை 5 லட்சத்து 90 ஆயிரம். வாங்கிய கம்பெனி சரக்கைச் சோதித்துக் கணக்கில் ஏற்றும்போது ஜூன் 20 ஆகிவிடுகிறது. 90 நாள் கடன் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பணம் செப்டம்பர் 18-இல் வரும். அதற்குள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று சம்பளத் தேதிகள் வந்து போய்விடும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்து மீதி ஜி.எஸ்.டி.யை ஜூலை 20-க்குள் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கும் வரி முன்கூட்டியே போகிறது. இரும்புக் கடைக்காரர் அவ்வளவு நாள் கடன் தருவதில்லை. முதலாளி ஓ.டி. கணக்கை முட்டவிட்டு, வீட்டு நகையை அடகு வைத்துச் சம்பளம் போடுகிறார். இந்த நிலையில் ஒன்பதாவது ஆளை எப்படிச் சேர்ப்பார்?

சட்டம் இதற்கு வழி சொல்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். முறையிட வசதி மன்றங்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி இருப்பவர் அவர்மீதே புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போவார்? சட்டம் பட்டறைக்காரரின் துணிச்சலை நம்பி எழுதப்பட்டிருப்பதே அதன் பலவீனம். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்க்கப்பட்டு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இதைவிடக் கூர்மையானது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளில் தராத தொகையை, பணம் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க அது விடும். இங்கே யாரும் புகார் தர வேண்டியதில்லை. பட்டறைக்குக் குறு, சிறு நிறுவனத்துக்கான உத்யம் பதிவு இருந்தால் போதும்.

டிரெட்ஸ் என்ற மின்னணுச் சந்தை இன்னொரு வழி. வாங்கிய கம்பெனி பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் அதற்கு வட்டி கேட்டுப் போட்டியிடும். பட்டறைக்குச் சில நாளில் பணம் வந்துவிடும். கெடு தேதியில் கம்பெனி வங்கிக்குச் செலுத்தும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவோடு நின்று, பில்லை ஏற்காமல் விட்டால் பட்டறைக்கு ஒரு பயனும் இல்லை.

பணத்துக்கு அடுத்தது திறமை. சின்னஞ்சிறு தீவான சிங்கப்பூர் 1986-இல் உள்ளூர்த் தொழில் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பன்னாட்டுக் கம்பெனி தன் அனுபவப்பட்ட பொறியாளர் ஒருவரை, தனக்குப் பொருள் தரும் சிறு நிறுவனங்களைக் கைதூக்கிவிட அனுப்பும். அவர் சம்பளத்தை அரசின் பொருளாதார வளர்ச்சி வாரியம் ஏற்கும். ரிஜெக்‌ஷன் குறைந்தால் கம்பெனிக்கும் லாபம், பட்டறைக்கும் லாபம். கும்மிடிப்பூண்டிக்கு இது அப்படியே பொருந்தும். ஆலையும் பட்டறையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆள் பயிற்சிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு தருகிறது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஐ.டி.ஐ. பையன் சி.என்.சி. எந்திரத்தில் ஓராண்டு நின்று பழக இதுவே வாய்ப்பு. மீதி உதவித்தொகையை மாதாமாதம் கொடுக்கப் பட்டறையின் கையில் காசு இருக்க வேண்டும்; அதற்கும் பில் 45 நாளுக்குள் பாஸ் ஆக வேண்டும்.